டயரில் 17, விளக்கோ எரியவில்லை

எண்ணெய் மாற்ற வந்த கார் என்றாலும் சரி, வைப்பர் மாற்ற வந்த கார் என்றாலும் சரி, தூக்கியில் ஏற்றுவதற்கு முன் நான்கு டயருக்கும் காற்றுப் பார்ப்பது எங்கள் பட்டறையின் பழக்கம். இப்போதைய பழக்கம் என்று திருத்திச் சொல்ல வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

தைப்பூசம் முடிந்து பத்து நாள் இருக்கும். முந்தின மாலையே விட்டுவிட்டுப் போன கார், ஆகவே டயர்கள் நன்றாக ஆறியிருந்தன. முன் இடது 31, முன் வலது 31, பின் இடது 30. பின் வலதில் காற்றழுத்தம் அளக்கும் கேஜை வைத்தேன். முள் 17-இல் நின்றது. முதலில் கேஜைத்தான் சந்தேகப்பட்டேன். வேறொன்றை எடுத்து வந்து வைத்தால் அதுவும் 17 என்றது. கதவைத் திறந்து சாவியைத் திருப்பி டாஷ்போர்டைப் பார்த்தேன். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைந்தன. அவற்றோடு டயர் விளக்கும் எரிந்தது, அணைந்தது. பல்பில் குறை இல்லை. பத்து மீட்டர் ஓட்டிப் பார்த்து முடிவு கட்டவும் தேவையில்லை, ஏனென்றால் முந்தின நாள் இதே டயரோடுதான் கார் பட்டறை வரை ஓடி வந்திருக்கிறது, விளக்கு எரியாமலே. 32 இருக்க வேண்டிய இடத்தில் 17. அதைச் சொல்வதற்கென்றே காரில் வைத்த விளக்கு வாயை மூடிக்கொண்டிருந்தது.

அது ஏன் வாயை மூடியது என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வு.

காரும் சாலையும்

கார் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியையுடையது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோரில் நாங்கள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஐந்து வயதான சிறிய செடான், 15 அங்குல டயர்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு 11 கிலோமீட்டர், அதில் கடைசி இரண்டரை கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண் சாலை. இரு பக்கமும் செம்பனை. குலை ஏற்றிய டிராக்டர் போன தடத்தில் உதிர்ந்த பழங்கள், வெட்டிச் சாய்த்த மட்டைகள், மழை பெய்தால் சேறு.

டிசம்பர் தொடக்கத்தில் எண்ணெய் நிலையத்தில் தானே காற்று அடித்துக்கொண்டதாகச் சொன்னார். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 220 என்று இருந்தது, இயந்திரத்திலும் 220 வைத்தார். சரியான காரியம். அது கிலோபாஸ்கல் கணக்கு. பட்டறையில் நாங்கள் 32 என்பது பி.எஸ்.ஐ. கணக்கு, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது. 100 கிலோபாஸ்கல் 14.5 பி.எஸ்.ஐ. ஆகும், இரண்டும் ஒரே காற்றுதான். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், டீச்சர் குழப்பிக்கொள்ளவில்லை.

புத்தாண்டை ஒட்டிக் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பினார்கள். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடம் போன்ற வளைவு, அடியில் சொரசொரப்பு, நடுவே ஓர் ஆச்சரியக்குறி. அதைப் பார்த்துப் பல பேர் என்னவென்று தெரியாமல் விழிப்பதுண்டு. அது டயரைக் குறுக்கே வெட்டிய படம். கொழுந்தனார் வந்து பார்த்தார். "மலைக்குளிரில் காற்று சுருங்கியிருக்கும் அண்ணி, ரீசெட் அழுத்தினால் போய்விடும்" என்றார். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார்கள். விளக்கு மூன்று முறை சிமிட்டிவிட்டு அணைந்தது.

மூன்று வாரம் கழித்து, தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், மறுபடியும் எரிந்தது. இந்த முறை கொழுந்தனாரை நம்பாமல் பட்டறைக்கே கொண்டுபோனதாகச் சொன்னார். எந்தப் பட்டறை என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் தயங்கினார்.

"இங்கேதான் அண்ணே."

பட்டறையில் என்னிடம் வேலை கற்கும் பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். திருவிழாக் கூட்டம், ஆறு கார் வரிசையில் நின்றன, நான் உள்ளே ஒரு கியர் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவன் நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்திருக்கிறான். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்ததால் பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டான். காசு வாங்கவில்லை, அதனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. தைப்பூசத்தன்று டீச்சர் அதே காரில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. மாமியார் வழியெல்லாம் "காடி ஒரு பக்கமாகச் சாய்கிறதே" என்றாராம். அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இன்னும் காடி என்றுதான் சொல்வார். கிழவி சொன்னதை யார் கேட்டார்கள்? ஐந்து வருடக் காரில் இருந்த கணினி கண்டுபிடிக்காததை அவருடைய இடுப்பு கண்டுபிடித்திருந்தது.

குளிர் மேல் போட்ட பழி

கொழுந்தனார் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பத்து டிகிரி செல்சியஸ் குறைந்தால் 32 இருக்கும் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். நைட்ரஜன் அடித்தால் இப்படிக் குறையாது என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிரில் அதுவும் இதே அளவுக்குத்தான் சுருங்கும்.

ஆனால் மலையில் இன்னொன்றும் நடக்கிறது. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட இரண்டு பி.எஸ்.ஐ.க்குச் சற்று அதிகமாகக் குறைவு. கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. ஆகவே உயரம் ஏற ஏற கேஜில் எண் கூடும். குளிர் எடுத்துக்கொள்வதை உயரம் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும். தாப்பா வழியாகக் கீழே இறங்கி பீடோர் வெயிலுக்கு வந்துவிட்டால் இரண்டு கணக்கும் நேராகிவிடும். முதல் விளக்கு எரிய ஏறக்குறைய ஏழு பி.எஸ்.ஐ. போயிருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அதற்கு மலை பொறுப்பாகாது.

இதைவிட வலுவான சாட்சி ஒன்று உண்டு. குளிர் நான்கு டயரையும் ஒன்றாகத்தான் தொடும். டீச்சரின் காரில் இருப்பதோ, நான்கும் ஒன்றாகக் குறைந்தால் கண்டுபிடிக்கவே தெரியாத வகை.

டயர் எச்சரிக்கையில் இரண்டு குலம் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே உள்ள அழுத்தத்தை அதுவே அளந்து ரேடியோ அலை வழியாகக் காருக்கு அனுப்பும். அந்தக் கார்களின் திரையில் பெரும்பாலும் நான்கு எண்களையும் தனித்தனியாகப் பார்க்கலாம். இன்னொன்றில் சக்கரத்துக்குள் எதுவும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் சுழற்சியை எண்ணும் கருவி ஏற்கெனவே இருக்கிறது அல்லவா, அதையே இதற்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அப்பாவின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளையைப் பாருங்கள். அப்பா பத்து அடி வைப்பதற்குள் பிள்ளை பதினைந்து அடி வைக்கும். காற்றுக் குறைந்த டயரும் கொஞ்சம் குள்ளமாகிவிடுவதால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுழல வேண்டும். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனாலும் கருவிக்கு அது போதும். நான்கில் ஒன்று மட்டும் அவசர அவசரமாக அடி வைத்தால் விளக்கு எரியும். நான்கும் ஒன்றாகக் குள்ளமானால் யார் யாரோடு ஒப்பிடுவது? புதிய கார்களில் சக்கரத்தின் அதிர்வையும் சேர்த்துப் பார்க்கும் முறைகள் வந்துவிட்டன. டீச்சரின் கார் அந்த வகை இல்லை.

ஆகவே ஜனவரியில் விளக்கு எரிந்த அன்றே அது ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரே ஒரு டயரில் கோளாறு. கொழுந்தனார் அதற்கு நான்கு டயரின் காரணத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பொத்தான் செய்த வேலை

அந்தப் பொத்தானின் மேல் ரீசெட் என்றோ செட் என்றோ எழுதியிருப்பதுதான் வினை. கைப்பேசியை அணைத்துப் போடுவது போல, எதையோ அழித்துத் துடைப்பது போல நினைக்க வைக்கிறது. உண்மையில் அதை அழுத்தும்போது நாம் காரிடம் சொல்வது, "இப்போது நான்கு சக்கரமும் எப்படிச் சுழல்கின்றனவோ அதுதான் சரி, இதையே மனப்பாடம் செய்துகொள்" என்பதை. கார் மறுத்துப் பேசாது. அதனிடம் கேஜ் இல்லை. நாம் சொல்வதுதான் அதற்கு வேதம்.

அமெரிக்காவில் டயர் கிழிந்து கார்கள் கவிழ்ந்த தொடர் விபத்துகளுக்குப் பிறகு 2000-இல் ஒரு சட்டம் வந்தது, அதன் வழியில் 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கே விதி. ஐரோப்பாவில் 2012-இல் புதிய மாடல்களுக்கும் 2014-இல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கி, எல்லையை 20 சதவீதமாக வைத்தார்கள். 25 ஆகட்டும், 20 ஆகட்டும், எதிலிருந்து குறைந்தால் என்ற கேள்வி இருக்கிறதே, டீச்சரின் காரைப் போன்றவற்றில் அதற்கு விடை சொல்வது ஓட்டுநரின் விரல்.

இனி நான் தருவதில் 17 மட்டும்தான் நான் அளந்தது, மற்றவை அதிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. 32-இல் தொடங்கிய டயர் மெதுவாக இறங்கி 25 அருகே வந்தபோது முதல் விளக்கு. அழுத்தினார்கள், 25 சரியான அளவாகிவிட்டது. அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் இறங்கி 19 அல்லது 20 ஆனபோது இரண்டாவது விளக்கு. பட்டறைப் பையன் அழுத்தினான், அதுவும் சரியான அளவாகிவிட்டது. அடுத்த விளக்கு எரிய வேண்டுமானால் டயர் 15-க்கு வந்திருக்க வேண்டும். நான் பார்த்தபோது 17. கல்லுமலைக்குப் போன காரில் விளக்கு எரியாததற்கும், என் பட்டறையில் எரியாததற்கும் இதுதான் காரணம். கார் பொய் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்தது.

பையனைத் திட்டினேன், ஆனால் திட்டியதில் பாதி எனக்கே. காலால் தட்டிப் பார்ப்பதை அவன் என்னிடமிருந்துதான் கற்றான். ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்றிலும் சற்றுப் புடைத்தே இருக்கும். 20-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குப் பிடிபடாது, காலுக்கும் பிடிபடாது.

தொட்டியில்

காற்று எங்கே போகிறது என்று தேட வேண்டும். வால்வின் வாயிலும் அடியிலும் சோப்புத் தண்ணீர் விட்டேன், ஒன்றும் இல்லை. ரிம்மும் டயரும் சேரும் விளிம்பைச் சுற்றி விட்டேன், அங்கேயும் இல்லை. சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் முக்கி ஒரு சுற்று மெதுவாகத் திருப்பினேன். தண்ணீர் அசையவில்லை. வெளியே எடுத்து 40 வரை காற்று ஏற்றி மறுபடி முக்கினேன். பாதிச் சுற்றில், வெளிப்பக்கப் பள்ளம் ஒன்றிலிருந்து ஒரு குமிழி. கடுகு அளவுதான். கையை எடுக்காமல் மனத்துக்குள் எண்ணினேன். பதினொன்று எண்ணும்போது இன்னொன்று வந்தது.

மேலே ஆணித் தலை எதுவும் தெரியவில்லை. சக்கரத்தைத் துடைத்து, அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே விரலை ஓட்டினேன். பூனை நகம்போல ஒன்று குத்தியது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் கறுத்துப்போன ஒரு செம்பனை மட்டை முள் வந்தது. வெளிப்புறம் ரப்பரோடு ரப்பராக ஒடிந்து தேய்ந்திருந்தது. ஆணி என்றால் சாலையில் டக் டக் என்று சத்தம் கேட்கும், வெயிலில் மின்னும். முள் எந்தச் சத்தமும் போடாமல் போன வழியைத் தானே அடைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பி.எஸ்.ஐ. வீதம் கசியவிடும். தோட்டத்தில் தள்ளுவண்டி உருட்டுகிறவர்களுக்கு இது பழைய எதிரி.

முள்ளோடு முடிந்திருந்தால் உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டு ஒன்று, 20 ரிங்கிட், அரை மணி நேரம். ஆனால் விரலை வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பு மாவு ஒட்டியிருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு மடிப்புக் கோடு, அதன் ஓரமெல்லாம் ரப்பர் தூள். காற்றில்லாமல் ஓடிய டயர் சுழலும் ஒவ்வொரு தடவையும் பக்கச்சுவர் மடிந்து நிமிர்ந்து, சூடேறி, உள்ளுக்குள்ளேயே அரைபட்டிருக்கிறது. வெளியே இரண்டு ஓரங்களும் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருந்ததைத் தவிர டயர் பார்க்க நன்றாகவே இருந்தது. அப்படிப்பட்ட டயருக்கு ஒட்டுப் போட்டு நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் 110-இல் பக்கச்சுவர் விட்டுப்போனால் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

டீச்சரிடம் டயரைக் காட்டினேன். அவரும் விரலை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக அழுத்துவது

ஒரு டயரை மட்டும் மாற்றலாமா என்று கேட்டார். மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. புது டயருக்கும் அவற்றுக்கும் ஆழத்தில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. 300 மில்லிமீட்டர் ஆரத்தில் அது ஒரு சதவீதம். காற்றுக் குறைவால் வருவதைவிட இது பெரிது. சுழற்சியை எண்ணும் காருக்குக் காற்றுப் போனது எது, ரப்பர் தேய்ந்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பின்னால் ஒரே ஜோடியாக இரண்டு புது டயர் போட்டோம். கூலி வாங்கவில்லை.

பிறகு அந்தப் பொத்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கு, கார் இரவெல்லாம் நின்ற பிறகு, நான்கிலும் 32 வைத்தேன். ஓடி வந்த சூட்டில் அளந்தால் நான்கு ஐந்து கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் ஆறியதும் குறைந்துபோகும். சாவியைத் திருப்பி, காரை நகர்த்தாமல், விளக்கு மூன்று முறை சிமிட்டும் வரை பொத்தானைப் பிடித்தேன். பலர் வேலை இதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். இங்கேதான் தொடங்குகிறது. புதிய சுழற்சிக் கணக்கை மனப்பாடம் செய்யக் காருக்கு அரை மணி நேரமாவது நல்ல சாலையில், சீரான வேகத்தில் ஓட்டம் வேண்டும். டீச்சரின் செம்மண் சாலையில் சக்கரம் சறுக்கும், குதிக்கும். அங்கே கற்கச் சொல்வது சந்தையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதைப் போல. பீடோர் டோலில் நெடுஞ்சாலை ஏறி சுங்காய் வரை போய்த் திரும்பினேன்.

அதே வாரம் வேறொரு கார் வந்தது, சக்கரத்துக்குள் சென்சார் உள்ள வகை, ஒன்பது வயது. அதன் உரிமையாளரும் ரீசெட் பொத்தானைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய விளக்கு காரைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் விடாமல் சிமிட்டிவிட்டுப் பிறகு நின்று எரிந்தது. அது காற்றைப் பற்றிய புகார் இல்லை. எச்சரிக்கை முறையே பழுது என்று அர்த்தம். நான்கு டயரும் அளவாகவே இருந்தன. ஒரு சென்சாரின் பேட்டரி தீர்ந்திருந்தது. ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் தீரும், அதை மட்டும் தனியாக மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். மாற்றி, புதியதை அந்தக் காருக்கு அறிமுகப்படுத்தினோம். எந்தப் பொத்தானுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

டீச்சருக்குச் சட்டைப் பையில் போடும் கேஜ் ஒன்று கொடுத்தேன். பையனுக்கும் ஒன்று. முள்ளை ஒரு சிறிய பாட்டிலில் போட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் ஒருநாள் காலை ஆறரைக்குக் கைப்பேசி அடித்தது. பின்னால் பள்ளி வேனின் சத்தம்.

"அண்ணே, விளக்கு எரிகிறது. நான் எதையும் அழுத்தவில்லை. முன் இடது 24, மற்ற மூன்றும் 32. காற்று அடித்துக்கொண்டு மெதுவாக வரட்டுமா, நீங்கள் வருகிறீர்களா?"

பையனை அனுப்பினேன்.